கர்ப்பப்பையை எடுக்காமல் நார்க்கட்டியைக் குணப்படுத்த முடியுமா?

வாசகியரின் கேள்விகளுக்கு இன்டர்வென்ஷனல் ரேடியாலஜி மருத்துவர் பதில் அளிக்கிறார்.

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு 43 வயது. பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை பார்க்கிறேன். இரண்டு பிள்ளைகள். இரண்டாவது பிரசவத்தோடு குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனும் செய்துகொண்டேன். இரண்டு வருடமாக மாதவிலக்கு வந்தால் எட்டு, ஒன்பது நாள் ஆகியும் நிற்பதில்லை. முதல் மூன்று நாள் மணிக்கு ஒரு நாப்கின் மாற்ற வேண்டியிருக்கிறது. கட்டி கட்டியாகப் போகிறது. நின்று வேலை செய்யும்போது தலை சுற்றுகிறது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஸ்கேன் எடுத்ததில் கர்ப்பப்பைச் சுவருக்குள் 6.5 செ.மீ. அளவில் ஒரு நார்க்கட்டியும், சின்னதாக இரண்டும் இருப்பதாகச் சொன்னார்கள். ஹீமோகுளோபின் 7.8. "பிள்ளைதான் பெத்தாச்சே, கர்ப்பப்பையை எடுத்துடலாம்" என்கிறார் டாக்டர். மாமியாரும் அதையேதான் சொல்கிறார். என் நாத்தனாருக்கு 36 வயதில் எடுத்தார்கள். அதற்குப் பிறகு அவர் படும் அவஸ்தையைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பயமாக இருக்கிறது. கூட வேலை பார்க்கும் அக்கா ஒருவர், வயிற்றை அறுக்காமல் தொடை வழியாகக் குழாய் விட்டுக் கட்டியை வற்ற வைக்கும் சிகிச்சை இருக்கிறது என்றார். அது உண்மையா? செத்த கட்டி உள்ளேயே அழுகிப் போகாதா? வலிக்குமா? எத்தனை நாள் லீவு போட வேண்டும்? கட்டி மறுபடி வருமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்: அன்புச் சகோதரி, அந்த அக்கா சொன்னது உண்மைதான். கருப்பைத் தமனி எம்போலைசேஷன் என்று அதற்குப் பெயர். நான் அந்தச் சிகிச்சையைச் செய்கிற மருத்துவர். அதன் நன்மையை மட்டும் சொல்லிவிட்டுக் குறைகளை மறைத்தால் நீங்கள் எடுக்கும் முடிவு சரியாக இருக்காது. ஆகவே இரண்டையும் சொல்கிறேன்.

அதற்கு முன் அவசரமான ஒன்று. 7.8 ஹீமோகுளோபினோடு தினமும் நின்று வேலை செய்கிறீர்கள். பெண்களுக்கு 12-க்குக் குறைந்தாலே ரத்தசோகை; 8-க்குக் கீழே போனால் கடுமையான ரத்தசோகை. எந்தச் சிகிச்சையைத் தேர்ந்தெடுத்தாலும் முதலில் இதைச் சரிசெய்தாக வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை போதுமா, நரம்பு வழியாக இரும்புச்சத்து ஏற்ற வேண்டுமா என்று இந்த வாரமே உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள். அதிகமாகப் போகும் நாட்களில் டிரானெக்ஸாமிக் அமில மாத்திரை உங்களுக்கு ஒத்துக்கொள்ளுமா என்பதையும் கேளுங்கள். மாத்திரை சாப்பிட்ட கையோடு டீ, காபி குடிக்காதீர்கள். அவை இரும்புச்சத்தை உடம்பில் சேர விடாது. 2019–21-ல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. "எல்லாருக்கும் இருக்கிறதுதானே" என்று வருடக்கணக்கில் தள்ளிப்போட அதுவே காரணமாகிவிடுகிறது. நீங்கள் தள்ளிப்போடாதீர்கள்.

நார்க்கட்டி என்றால் புற்றுநோயா?

இல்லை. கருப்பையின் தசையிலிருந்தே வளரும் சாதாரணக் கட்டி இது. ஃபைப்ராய்டு என்று ஸ்கேன் ரிப்போர்ட்டில் எழுதியிருப்பார்கள். 50 வயதைத் தொடுவதற்குள் பெரும்பாலான பெண்களுக்கு ஒன்றாவது வந்துவிடுகிறது. பலருக்கு அது இருப்பதே தெரியாது. இந்தக் கட்டிகளுக்கு நடுவே புற்றுநோய் தென்படுவது மிக அபூர்வம்.

கட்டி எவ்வளவு பெரியது என்பதைவிட எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம். கருப்பையின் உள்ளறைக்குள் எட்டிப் பார்க்கும் கட்டி 2 செ.மீ. இருந்தாலே உதிரப்போக்கை அதிகமாக்கும். வெளிப்பக்கம் வளர்வது ரத்தப்போக்கைப் பெரிதாகக் கூட்டாது. ஆனால் சிறுநீர்ப்பையை அழுத்தி அடிக்கடி சிறுநீர் கழிக்க வைக்கும், மலச்சிக்கலும் முதுகுவலியும் தரும். உங்களுடையது சுவருக்குள் இருக்கிற வகை. 6.5 செ.மீ. என்பதால் உள்ளறையையும் தள்ளிக்கொண்டிருக்க வாய்ப்புண்டு.

இந்தச் சிகிச்சை எப்படி வந்தது?

பிரசவத்துக்குப் பிறகு நிற்காமல் ரத்தம் போகும் தாய்மார்களைக் காப்பாற்ற, கருப்பைக்குப் போகும் தமனியை உள்ளிருந்தே அடைக்கும் முறை 1970-களின் இறுதியிலேயே இருந்தது. பாரீஸில் ஜாக் ராவினா என்ற மகப்பேறு மருத்துவரும் அவருடைய குழுவினரும், நார்க்கட்டி அறுவைக்கு முன்பு தமனியை அடைத்துவிட்டால் அறுவையின்போது ரத்தம் குறைவாகப் போகுமே என்று இதைச் செய்தார்கள். அறுவைக்காகக் காத்திருந்த பெண்களில் பலருக்கு உதிரப்போக்கு நின்றுவிட்டது, அறுவையே வேண்டியிருக்கவில்லை. 16 பெண்களுக்குக் கிடைத்த பலனை 1995-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதினார்கள். அமெரிக்காவின் வெளியுறவு அமைச்சராக அறிவிக்கப்பட்டிருந்த காண்டலீசா ரைஸ் 2004 நவம்பரில் வாஷிங்டனில் இதே சிகிச்சையைச் செய்துகொண்டபோது, உலகம் முழுவதும் இதைப் பற்றிப் பேசினார்கள். ஆக, முப்பது வருடங்களாக நடைமுறையில் உள்ள சிகிச்சை இது. நம் ஊரில்தான் இன்னும் பலர் காதுக்குப் போய்ச் சேரவில்லை.

எப்படிச் செய்கிறோம்?

கருப்பைக்கு இடமும் வலமுமாக இரண்டு தமனிகள் ரத்தம் கொண்டு வருகின்றன. நார்க்கட்டி வளர வளர அவற்றின் ரத்தத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. அந்த ரத்தத்தை நிறுத்தினால் கட்டி பட்டுப்போகும். கருப்பையின் நல்ல தசைக்குச் சினைப்பைத் தமனி போன்ற மாற்று வழிகளிலும் ரத்தம் வருவதால் அது பிழைத்துக்கொள்ளும். சிகிச்சையின் அடிப்படை இவ்வளவுதான்.

ஆஞ்சியோகிராம் செய்யும் கேத் லேப் அறையில் இது நடக்கும். முழு மயக்கம் தேவையில்லை. வலியையும் பதற்றத்தையும் குறைக்க நரம்பில் மருந்து போடுவோம். அரைத்தூக்கத்தில் இருப்பீர்கள், கூப்பிட்டால் பேசுவீர்கள். தொடையிடுக்கிலோ மணிக்கட்டிலோ மரத்துப்போகும் ஊசி போடுவோம். அந்த ஊசி மட்டும் சுரீரென்று இருக்கும். பிறகு தமனிக்குள் 2 மி.மீ.கூட இல்லாத மெல்லிய குழாயைச் செலுத்தி, எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டே கருப்பைத் தமனிவரை கொண்டுபோவோம். ரத்தக்குழாய்களைத் திரையில் காட்டும் சாய மருந்தைச் செலுத்தும்போது அடிவயிற்றில் கதகதவென்று ஒரு சூடு பரவும். அது இயல்பானது, பயப்பட வேண்டாம்.

அந்த நேரத்தில் திரையில் தெரிவதைச் சொல்கிறேன். கருப்பைத் தமனி சுருள் சுருளாக வளைந்து மேலே ஏறும். அது நார்க்கட்டியைத் தொட்டதும், தூக்கணாங்குருவிக் கூடு பின்னியதுபோல நுண்ணிய ரத்தக்குழாய்கள் கட்டியைச் சுற்றி வளைத்திருப்பது கறுப்பாகத் தெரியும். குழாயை அதன் வாசல்வரை கொண்டுபோய், அரை மி.மீ. முதல் ஒரு மி.மீ.க்குச் சற்றுக் குறைவுவரை அளவுள்ள துகள்களைச் சாய மருந்தில் கலந்து கொஞ்சம் கொஞ்சமாக விடுவோம். ரத்த ஓட்டமே அவற்றைக் கட்டியை நோக்கி அடித்துக்கொண்டு போகும். விட விட அந்தக் கூடு திரையில் மறைந்துகொண்டே வரும். கடைசியில் தமனியின் தண்டு மட்டும் மிஞ்சும். செலுத்திய சாய மருந்து ஐந்தாறு இதயத்துடிப்பு நேரம் அதில் நகராமல் தேங்கி நின்றால் அந்தப் பக்கம் முடிந்தது. மறுபக்கமும் அப்படியே. இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் ஆகும். தையல் கிடையாது. தொடை வழியாகச் செய்திருந்தால் சில மணி நேரம் காலை மடக்காமல் படுத்திருக்க வேண்டும். மணிக்கட்டு வழி என்றால் சீக்கிரமே எழுந்து நடக்கலாம்.

வலிக்குமா?

வலிக்கும். கத்தி படாத சிகிச்சை என்பதால் வலியே இராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குழாய் விடும்போது வலி தெரியாது. ரத்தம் நின்றதும் கட்டியும் கருப்பைத் தசையும் தவிப்பதால், கடுமையான மாதவிலக்கு வலிபோல அடிவயிற்றைப் பிசையும். முதல் 12 மணி நேரம்தான் உச்சம். அதனால்தான் அன்றிரவு மருத்துவமனையில் வைத்திருந்து, நரம்பு வழியாக வலிநிவாரணி தொடர்ந்து தருகிறோம். இடுப்பில் உள்ள நரம்புப் பின்னலை மரக்கச் செய்யும் ஊசியும் சில இடங்களில் போடுகிறார்கள். அதற்குப் பிறகு நான்கைந்து நாள், சிலருக்கு ஒரு வாரம்வரை லேசான காய்ச்சல், குமட்டல், அசதி, பசியின்மை இருக்கலாம். எதிர்பார்த்ததுதான், மாத்திரையில் அடங்கிவிடும்.

பெரும்பாலானவர்கள் மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ வீட்டுக்குப் போகிறார்கள். உங்களுடையது நின்று செய்யும் வேலை. இரண்டு வாரம் லீவு சொல்லிவிடுங்கள். வயிற்றைத் திறந்து கருப்பையை எடுத்தால் ஆறு வாரம்வரை ஓய்வு தேவைப்படும். லேப்ராஸ்கோப்பியில் எடுத்தால் அதைவிடக் குறையும்.

செத்த கட்டி உள்ளே அழுகாதா?

பலரும் கேட்கும் கேள்வி. அழுகுவதற்குக் கிருமி வேண்டும். ரத்தம் நின்ற கட்டியில் பெரும்பாலும் கிருமி இருக்காது. ஆகவே அது மெல்ல மெல்லச் சுருங்கித் தழும்புபோல இறுகிப்போகும். மூன்றாவது மாதத்திலிருந்து மாற்றம் நன்றாகத் தெரியும். ஒரு வருடத்துக்குள் பருமன் ஏறத்தாழப் பாதியாகும். முற்றிலும் மறைந்துபோகும் என்று எதிர்பார்க்காதீர்கள். பிறகு எடுக்கும் ஸ்கேனில் "கட்டி இன்னும் இருக்கிறதே" என்று யாராவது சொன்னால் கலங்கவும் வேண்டாம். கட்டி இருக்கும், அதற்கு உயிர் இருக்காது. நமக்கு வேண்டியது உதிரப்போக்கு குறைவது. அது பத்தில் எட்டு, ஒன்பது பேருக்குக் குறைகிறது, பெரும்பாலும் அடுத்த இரண்டு மூன்று மாதவிலக்குக்குள்ளேயே.

ஒரு விதிவிலக்கு உண்டு. உள்ளறையை ஒட்டிய கட்டி, சில வாரங்களோ மாதங்களோ கழித்து உதிர்ந்து பிறப்புறுப்பு வழியாக வெளியேறலாம். தொற்றும் வரலாம். வீட்டுக்குப் போன பிறகு காய்ச்சல் குறையாமல் ஏறினாலோ, துர்நாற்றத்தோடு வெள்ளைப்போக்கு இருந்தாலோ, தணிந்த வலி மறுபடி கூடினாலோ, ஒரு கால் மட்டும் வீங்கினாலோ விடியட்டும் என்று காத்திராமல் சிகிச்சை செய்த மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். கவனிக்காமல் விட்ட தொற்று உயிருக்கே ஆபத்தாகலாம். சிக்கல் முற்றி அவசரமாகக் கருப்பையை எடுக்கும் நிலை நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே வருகிறது.

மாதவிலக்கு நின்றுவிடுமா? கட்டி மறுபடி வருமா?

துகள்களில் சில சினைப்பைக்குப் போய்விட்டால் மாதவிலக்கு முன்கூட்டியே நிற்கலாம். 45 வயதுக்குக் கீழே இது அபூர்வம். அதற்கு மேலே வாய்ப்பு கூடுகிறது. உங்கள் வயதில் பெரும்பாலும் மாதவிலக்கு அளவாகத் தொடரும். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: எம்போலைசேஷன் கருத்தடை ஆகாது. குடும்பக் கட்டுப்பாடு செய்யாதவர்கள் அதற்கான ஏற்பாட்டைத் தொடர வேண்டும்.

மறுபடி வருமா என்பதற்கு ஆய்வுகளே பதில் சொல்லட்டும். நெதர்லாந்தில் 177 பெண்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு எம்போலைசேஷனும் இன்னொரு குழுவுக்குக் கருப்பை நீக்கமும் செய்தார்கள். பத்து வருடம் கழித்துப் பார்த்தபோது, எம்போலைசேஷன் செய்துகொண்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேர் கருப்பையோடு இருந்தார்கள். மீதிப் பேர் எப்போதோ ஒரு கட்டத்தில் அதை எடுக்க வேண்டி வந்தது. பிரிட்டனில் 157 பெண்களிடம் நடந்த ஆய்வில் மருத்துவமனை வாசம் எம்போலைசேஷனுக்கு ஒரு நாள், அறுவைக்கு ஐந்து நாள். ஒரு வருடம் கழித்து இரு குழுவினரின் வாழ்க்கைத் தரமும் ஒரே அளவில் இருந்தது. ஆனால் ஐந்து வருடத்தில் மறுசிகிச்சை தேவைப்பட்டவர்கள் எம்போலைசேஷன் குழுவில் 32 சதவீதம். அறுவைக் குழுவில் 4 சதவீதம்.

ஆகவே கணக்கு இதுதான். சீக்கிரம் வேலைக்குத் திரும்பலாம், கருப்பை தங்கும், வயிற்றில் தழும்பு இருக்காது. அதற்கு ஈடாக, பிறகு மூன்றில் ஒருவருக்கு இன்னொரு சிகிச்சை தேவைப்படலாம் என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டும். உங்களுக்கு ஒரு சாதகம் இருக்கிறது. மாதவிலக்கு நின்ற பிறகு நார்க்கட்டிகள் தாமாகவே சுருங்கும். இன்னும் ஏழெட்டு வருடத்தை நல்லபடியாகக் கடந்துவிட்டால் பெரும்பாலும் போதும்.

கருப்பையை எடுப்பது தப்பா?

இல்லை. நார்க்கட்டிக்கு நிரந்தரமான முடிவு அதுதான். புற்றுநோய் சந்தேகம் இருந்தாலும், வயிறு நிறையப் பெரிய கட்டிகள் இருந்தாலும், மற்ற சிகிச்சைகள் பலன் தராதபோதும் நானே அதைத்தான் சொல்வேன். எல்லாம் தெரிந்துகொண்டு, "எனக்கு இது ஒரேயடியாக முடிய வேண்டும்" என்று விரும்பிச் செய்துகொண்ட பெண்கள் நிம்மதியாகவே இருக்கிறார்கள்.

"பிள்ளைதான் பெத்தாச்சே" என்பதை மட்டும் ஒரு காரணமாக நான் ஏற்க மாட்டேன். உங்கள் நாத்தனாருக்கு 36 வயதில் சினைப்பைகளையும் சேர்த்து எடுத்திருந்தால், அன்றே அவருக்கு மெனோபாஸ் வந்திருக்கும். உடம்பெல்லாம் அனல் அடிப்பது, தூக்கமின்மை, எலும்பு பலவீனம், இதயநோய் வாய்ப்பு கூடுவது எல்லாம் அதன் தொடர்ச்சி. அவருடைய டிஸ்சார்ஜ் சம்மரியில் என்னென்ன எடுத்தார்கள் என்று எழுதியிருக்கும். அதை ஒரு மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். அவருடைய அவஸ்தைக்கும் இன்றைக்குச் சிகிச்சை உண்டு. சினைப்பையை விட்டுவைத்தாலும்கூட, கருப்பை எடுத்தவர்களுக்கு மெனோபாஸ் சற்று முன்னதாக வரக்கூடும்.

அதே தேசியக் கணக்கெடுப்பில், 15–49 வயதில் கருப்பை எடுக்கப்பட்ட பெண்களில் பாதிப் பேருக்கு 35 வயதுக்கு முன்பே அது நடந்திருக்கிறது. தேவையில்லாத கருப்பை நீக்கங்களைத் தடுக்க மத்திய சுகாதார அமைச்சகம் வகுத்த நெறிமுறைகளை எல்லா மாநிலங்களும் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் உத்தரவிட்டது. அதாவது, நீங்கள் கேள்வி கேட்பது மருத்துவரை அவமதிப்பது ஆகாது. அது உங்கள் உரிமை.

எம்போலைசேஷன் உங்களுக்குப் பொருந்துமா?

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் பொருந்த வாய்ப்பு அதிகம். பிள்ளைப்பேறு முடிந்துவிட்டது; முக்கியத் தொல்லை உதிரப்போக்கு; கட்டி சுவருக்குள் இருக்கிறது; வயது 45-க்குக் கீழே. ஆனால் ஸ்கேனை மட்டும் வைத்து முடிவு செய்ய மாட்டோம். சாய மருந்தோடு எடுக்கும் எம்.ஆர்.ஐ. தேவை. கட்டிக்கு ரத்த ஓட்டம் இருக்கிறதா என்று அதில்தான் தெரியும். ஏற்கெனவே ரத்தம் நின்றுபோன கட்டிக்கு எம்போலைசேஷன் செய்து பயனில்லை. கருப்பைச் சுவரே தடித்துப்போகும் அடினோமயோசிஸ் என்ற நோயும் இதேபோல உதிரப்போக்கைத் தரும், அதையும் எம்.ஆர்.ஐ. பிரித்துக் காட்டும். கர்ப்பப்பைவாய்ப் பரிசோதனை, தேவைப்பட்டால் உள்ளறைத் திசுப் பரிசோதனை, சிறுநீரகச் செயல்பாடு, ரத்தம் உறையும் நேரம், தைராய்டு ஆகியவற்றையும் பார்ப்பார்கள். கர்ப்பமாக இருப்பவர்களுக்கும், இடுப்புப் பகுதியில் தொற்று உள்ளவர்களுக்கும், புற்றுநோய் சந்தேகம் இருப்பவர்களுக்கும் இதைச் செய்யக் கூடாது. சாய மருந்து ஒவ்வாமையும் சிறுநீரகக் கோளாறும் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

காப்பர்-டி வடிவில் இருக்கும், ஹார்மோன் வெளியிடும் சாதனத்தைப் பொருத்துவதும் ஒரு வழி. உள்ளறை அதிகம் கோணாமல் இருந்தால் அது உதிரப்போக்கை நன்றாகக் குறைக்கும், செலவும் குறைவு. அறை கோணியிருந்தால் நழுவி விழுந்துவிடக்கூடும். எம்.ஆர்.ஐ. வந்ததும் இதைப் பற்றியும் கேளுங்கள்.

செலவைப் பொறுத்தவரை துகள்களும் நுண்குழாய்களும் கேத் லேப் வாடகையும்தான் பெரும்பகுதி. மருத்துவமனைக்கு மருத்துவமனை வித்தியாசப்படும். கம்பெனியில் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா என்று பாருங்கள். எந்தக் காப்பீடாக இருந்தாலும், இந்தச் சிகிச்சைக்குப் பெயர் சொல்லி எழுத்தில் முன்அனுமதி வாங்கிய பிறகே அட்மிட் ஆகுங்கள்.

கேள்வி: எனக்கு 31 வயது. திருமணமாகி மூன்று வருடம் ஆகிறது, குழந்தை இல்லை. கருப்பையில் 5 செ.மீ. நார்க்கட்டி இருக்கிறது. ஆபரேஷன் இல்லாமல் எம்போலைசேஷன் செய்துகொண்டு கர்ப்பத்துக்கு முயற்சி செய்யலாம் என்று கணவர் சொல்கிறார். செய்யலாமா?

– வாசகி, மதுரை

பதில்: உங்களுக்கு இதை முதல் வழியாக நான் சொல்ல மாட்டேன், அம்மா. எம்போலைசேஷனுக்குப் பிறகு கர்ப்பமாகிக் குழந்தை பெற்றவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கருச்சிதைவும் சிசேரியனும் பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கும் அவர்களிடம் கூடுதலாகப் பதிவாகியிருக்கின்றன. சினைப்பைக்குத் துகள் போய்விட்டால் கருமுட்டை இருப்பும் குறையலாம். குழந்தைக்காகக் காத்திருக்கும் உங்களுக்கு அந்த ஆபத்து தேவையில்லை.

முதலில் கட்டி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கருப்பையின் வெளிப்பக்கம் இருந்தால் பெரும்பாலும் கருத்தரிப்பைத் தடுக்காது. குழந்தையின்மைக்கு வேறு காரணம் இருக்கிறதா என்று உங்கள் இருவரையும் பரிசோதிக்க வேண்டும். கணவரின் விந்துப் பரிசோதனையும் அதில் அடக்கம். உள்ளறைக்குள் இருந்தால் ஹிஸ்டரோஸ்கோப்பி மூலம் பிறப்புறுப்பு வழியாகவே எடுக்க முடியுமா என்று பார்ப்பார்கள். சுவருக்குள் இருந்து அறையைத் தள்ளிக்கொண்டிருந்தால், கட்டியை மட்டும் எடுத்துக் கருப்பையைத் தைத்துவிடும் மயோமெக்டமி அறுவைதான் பொதுவாக முதல் தேர்வு. பிரிட்டனில் கருப்பையை எடுக்க விரும்பாத 254 பெண்களிடம் மயோமெக்டமியையும் எம்போலைசேஷனையும் ஒப்பிட்ட ஆய்வு 2020-ல் வெளியானது. இரண்டு வருட முடிவில் வாழ்க்கைத் தரத்துக்கு 100-க்கு மயோமெக்டமி குழு 84.6, எம்போலைசேஷன் குழு 80 மதிப்பெண் கொடுத்தன. இரண்டுமே பலன் தந்தன என்றாலும் மயோமெக்டமி ஒரு படி மேலே நின்றது.

மயோமெக்டமிக்குப் பிறகு தையல் நன்றாக ஆறும்வரை சில மாதங்கள் கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும். எத்தனை மாதம், பிரசவம் சிசேரியனாக இருக்க வேண்டுமா என்பதை உங்களுக்கு அறுவை செய்த மருத்துவரே சொல்ல வேண்டும். அதை எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிரசவம் பார்க்கும் மருத்துவருக்கு அது தேவைப்படும்.

கேள்வி: வயது 50. மாஸ்டர் செக்கப் செய்தபோது 4 செ.மீ. நார்க்கட்டி இருப்பதாகச் சொன்னார்கள். எனக்கு ஒரு தொல்லையும் இல்லை. எம்போலைசேஷன் செய்து இப்போதே வற்ற வைத்துவிடலாமா?

– வாசகி, நாகர்கோவில்

பதில்: வேண்டாம். தொல்லை தராத நார்க்கட்டிக்கு எந்தச் சிகிச்சையும் தேவையில்லை. உங்கள் வயதில் மாதவிலக்கு நிற்கும் காலம் நெருங்கிவிட்டது. கட்டியும் சுருங்கத் தொடங்கும். மருத்துவர் சொல்லும் இடைவெளியில் ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டால் போதும். இரண்டு விஷயங்களில் மட்டும் கவனமாக இருங்கள். மாதவிலக்கு முற்றிலும் நின்று ஒரு வருடம் ஆன பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், அல்லது அப்போது கட்டி சுருங்காமல் வளர்ந்தாலும் உடனே மகப்பேறு மருத்துவரைப் பார்க்க வேண்டும். அவை இரண்டும் நார்க்கட்டியின் இயல்பு அல்ல. வேறு நோய் இருக்கிறதா என்று தேடிப் பார்க்க வேண்டிய அறிகுறிகள்.

எல்லா வாசகியருக்கும்

நார்க்கட்டி என்ற ஒரே பெயரில் மூன்று கடிதங்கள் வந்தன. மூன்று பேருக்கும் வெவ்வேறு பதில் சொல்லியிருக்கிறேன். வயது, கட்டி இருக்கும் இடம், படும் தொல்லை, குழந்தை வேண்டுமா என்பது ஆகிய நான்கையும் கேட்காமல் சொல்லப்படும் எந்தச் சிகிச்சையையும் ஏற்காதீர்கள். எம்போலைசேஷனுக்கும் இது பொருந்தும். கருப்பையை எடுக்கச் சம்மதப் படிவம் நீட்டினால், கையெழுத்துப் போடுவதற்கு முன் இவற்றைக் கேளுங்கள்: "கட்டி எந்த இடத்தில் இருக்கிறது? மருந்து, மயோமெக்டமி, எம்போலைசேஷன் இவற்றில் எது எனக்குப் பொருந்தும், எது பொருந்தாது, ஏன்? சினைப்பைகளையும் எடுக்கப் போகிறீர்களா?" பதில் திருப்தி தராவிட்டால் ரிப்போர்ட்டுகளோடு இன்னொரு மகப்பேறு மருத்துவரையும், ஒரு இன்டர்வென்ஷனல் ரேடியாலஜி மருத்துவரையும் பாருங்கள். நிற்காத ரத்தப்போக்கு தவிர, நார்க்கட்டியில் இரண்டு வாரம் யோசிக்க நேரம் இல்லாத அவசரம் அநேகமாகக் கிடையாது.

திருப்பூர் சகோதரிக்கு: நாளைக்கே ரத்தசோகைக்கு மருந்தைத் தொடங்குங்கள். எம்.ஆர்.ஐ. எடுங்கள். மாமியாரையும் கணவரையும் கூட அழைத்துக்கொண்டு போய் டாக்டர் சொல்வதைக் கேட்க வையுங்கள். அதற்குப் பிறகு முடிவை நீங்களே எடுங்கள். அது உங்கள் உடம்பு.